வோல் எலியும் ஆக்ஸிடோஸினும்

வட அமெரிக்காவின் மத்தியப் பிரதேசத்துப் புல்வெளிகளில் வளை தோண்டி வாழ்வதும், சுமார் 40 கிராம் எடையும் குட்டை வாலும் மயிருக்குள் மறைந்த சிறு காதுகளும் உடையதுமான பிரெய்ரி வோல் என்ற எலியினப் பிராணியை, உழவர்கள் பயிரைக் கெடுக்கும் ஜந்து என்று சபித்துக்கொண்டிருக்க, மூளை ஆராய்ச்சியாளர்களோ கடந்த நாற்பது ஆண்டுகளாக அதன் குடும்ப வாழ்க்கையை வெகு சிரத்தையுடன் கவனித்து வருகிறார்கள். பாலூட்டிகளில் நூற்றுக்குச் சில இனங்களிடமே காணப்படும் விசேஷ குணம் அதற்கு உண்டு. ஆணும் பெண்ணும் ஒருமுறை கூடிவிட்டால் பெரும்பாலும் பிரியாமல் ஒரே வளையில் வாசம் செய்வதோடு, குட்டிகளை நக்கிச் சுத்தம் செய்வதிலும் அணைத்துக் காப்பதிலும் தந்தை தாய்க்குச் சற்றும் சளைப்பதில்லை. நெருங்கிய உறவினமான மலை வோலுக்கோ இந்தப் பந்தபாசம் எதுவும் கிடையாது.

இந்த வித்தியாசத்தின் காரணத்தைத் தேடியவர்கள் ஆக்ஸிடோஸின் என்னும் ஹார்மோனிடம் வந்து சேர்ந்தார்கள். மூளையின் அடிப்பாகத்திலுள்ள ஹைப்போதலாமஸில் உற்பத்தியாகி, பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதி வழியாக இரத்தத்தில் கலப்பதும், பிரசவ காலத்தில் கருப்பையைச் சுருங்கச் செய்வதும், தாய்ப்பாலை வெளிப்படுத்துவதும் ஆகிய காரியங்களுக்காகவே அது முதலில் பிரசித்தி பெற்றது. ஒன்பதே அமினோ அமிலங்களால் ஆன அந்தச் சிறு பொருளை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டிய வின்சென்ட் து விக்னோ 1955இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். அதுவே மூளைக்குள்ளும் கசிந்து பாசத்துக்குத் துணை செய்கிறது என்று பின்னர் தெரிந்ததும் பத்திரிகைகள் அதற்குக் காதல் ஹார்மோன் என்று பட்டம் சூட்டிவிட்டன. அந்தப் பட்டம் விஷயத்தில் பாதியை மறைத்துவிடுகிறது என்பதே என் அபிப்பிராயம்.

ஏனெனில் ஹார்மோன் எவ்வளவு சுரந்தாலும், அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் உயிரணுக்களின் மேல் இல்லாவிட்டால் அதனால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. பிரெய்ரி வோலின் மூளையில், இன்பத்தையும் வெகுமதியையும் உணர்த்தும் நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற பகுதியில் இந்த ஏற்பிகள் ஏராளம். மலை வோலுக்கோ அங்கே மிகச் சொற்பம். அதனினும் வியப்பானது, பிரெய்ரி வோல்களுக்குள்ளேயே ஒன்றுக்கு அதிகமாகவும் மற்றொன்றுக்குக் குறைவாகவும் ஏற்பிகள் அமைந்திருப்பது. இதற்குப் பிறப்பில் வந்த மரபணு வேற்றுமை ஒரு காரணம். வளர்ந்த விதம் இன்னொரு காரணம். பின்னதை ஆராய்வதே எபிஜெனெடிக்ஸ்.

மரபணுவின் எழுத்துக்களில் ஒன்றுகூட மாறாமலே அதன் செயல் கூடவும் குறையவும் இடமுண்டு. கயிற்றால் இறுகக் கட்டிய ஓலைச்சுவடியில் எழுத்து அழியாமல் இருந்தும், கட்டைத் தளர்த்தினாலன்றிப் படிக்க முடியாதல்லவா? டி.என்.ஏ. இழையும் ஹிஸ்டோன் என்ற புரதங்களின்மேல் சுற்றப்பட்டே இருக்கிறது. அசிட்டைல் தொகுதிகள் அப்புரதங்களில் ஏறும்போது சுற்று நெகிழ்கிறது. இழையின் மேலேயே மீதைல் தொகுதிகள் வந்து ஒட்டிக்கொள்வது மற்றொரு வகை. மரபணுவின் தொடக்கப் பகுதியில் அவை மிகுந்தால் பெரும்பாலும் அதன் செயல் அடங்கிவிடும்.

2013இல் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தார், அசிட்டைல் தொகுதிகள் நீக்கப்படாமல் தடுக்கும் டிரைக்கோஸ்டாட்டின் என்ற மருந்தைப் பெண் வோல்களுக்குக் கொடுத்து, ஓர் ஆணுடன் ஆறு மணி நேரம் மட்டும் சேர்த்து வைத்தார்கள். சாதாரணமாகப் புணர்ச்சியின்றி இவ்வளவு சொற்ப நேரத்தில் பிணைப்பு உண்டாவதில்லை. மருந்து பெற்றவையோ அந்த ஆணையே நாடி நின்றன, அவற்றின் அக்கும்பென்ஸில் ஆக்ஸிடோஸின் ஏற்பிகளும் பெருகியிருந்தன. 2019இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, பெற்றோரின் பராமரிப்பு அதிகமாகக் கிடைத்த குட்டிகளின் ஏற்பி மரபணுவில் மீதைல் குறைந்தும், அக்கும்பென்ஸில் ஏற்பிகள் மிகுந்தும் இருப்பதைக் காட்டியது.

மனிதக் குழந்தைகளிடமும் இதை ஒத்த ஒரு போக்கு தென்படுகிறது. ஐந்து மாதக் குழந்தையுடன் தாய் எவ்வளவு ஈடுபாட்டோடு விளையாடினாளோ, அதற்கேற்பப் பதினெட்டாம் மாதத்தில் இதே மரபணுவின் மீதைல் அளவு குறைந்திருந்ததாக வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தார் கண்டனர். ஆனால் அவர்கள் சோதித்தது உமிழ்நீரை. உயிருள்ள குழந்தையின் மூளையை எவர் அறுத்துப் பார்ப்பார்? ஆகையால் இதைக் கொண்டு தாய்மாரைக் குற்றம் சாட்டப் புறப்படுவது அறிவீனம்.

இவ்வளவும் ஒழுங்காகக் கோத்து வந்த நிலையில், 2023இல் கலிபோர்னியாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஆக்ஸிடோஸின் ஏற்பி மரபணுவையே கருவில் சிதைத்துவிட்டு வளர்த்த பிரெய்ரி வோல்கள் வழக்கம்போலத் துணையைத் தேர்ந்து பிணைந்தன. பெண்கள் குட்டி ஈன்றன. பால்தான் குறைவாக இருந்தது. வளர்ந்த விலங்கில் ஏற்பியை மருந்தால் அடைத்தால் பிணைப்பு கெட, பிறப்பிலிருந்தே ஏற்பி இல்லாததற்கு அது கெடாமல் இருப்பானேன் என்று இப்போது விவாதிக்கிறார்கள். வளரும் மூளை வேறு வழியை ஏற்படுத்திக்கொள்கிறது என்பது ஒரு கட்சி. பிணைப்புக்கு ஆதியிலிருந்தே பல வழிகள் உண்டு என்பது மறு கட்சி.