டிராக்டர் இன்ஜின் வைத்த கார்

பூதலூர் கடைத்தெருவில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தால், கிளாஸ் கைக்கு வருவதற்குள் இரண்டு டிராக்டராவது நம்மைக் கடந்துபோகும். அறுவடைக் காலம் என்றால் கேட்கவே வேண்டாம். அதில் ஒன்று சிவப்பு மாஸி பெர்குசனாக இருந்தால் நம் பேச்சுக்குத் தோது. வண்டியைச் செய்வது சென்னை டாஃபே கம்பெனி. ஆனால் அதன் 1035 போன்ற மாடல்களின் உள்ளே இருப்பது சிம்சன் கம்பெனி செய்த இன்ஜின். ஒரே குழுமம்தான், என்றாலும் இரண்டும் தனித்தனிக் கம்பெனிகள். இதை யாரும் குறையாகப் பேசுவதில்லை. ‘சிம்சன் இன்ஜின்’ என்று ஒரு படி உயர்த்தியே சொல்வார்கள்.

இதே ஏற்பாடு காரில் இருந்தால் மட்டும் நமக்கு மனசு ஒப்பாது. “வேற கம்பெனி இன்ஜினா? அப்ப ஒட்டு வண்டின்னு சொல்லுங்க” என்போம். முகப்பில் பெயர் போட்டவரே உள்ளே இருக்கிற ஒவ்வொரு போல்ட்டையும் முடுக்கியிருக்க வேண்டும் என்று நாம் எல்லோருமே நினைக்கிறோம். கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

மாட்டு வண்டிக் காலத்தை நினைத்துக்கொள்வோம். வண்டியை ஆசாரி செய்தார். மாட்டைச் சந்தையில் பிடித்தோம். ஆசாரி வீட்டுத் தொழுவத்தில் பிறந்த கன்றைத்தான் அவர் செய்த வண்டியில் பூட்ட வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. நுகத்தடி உயரம் சரியா, பாரத்துக்கு மாடு தாங்குமா, இது உழவு மாடா வண்டி மாடா என்றுதான் பார்த்தார்கள். காருக்கும் இன்ஜினுக்கும் கேட்க வேண்டிய கேள்விகள் ஏறக்குறைய இவையே.

கார் செய்கிறவர் ஏன் இன்ஜினை வெளியில் வாங்குகிறார்? இன்ஜினின் உடம்பை பிளாக் என்பார்கள். அதை வார்க்க ஒரு ஃபவுண்டரி வேண்டும். சிலிண்டர்களைக் குடைந்து இழைக்க வரிசையாக இயந்திரங்கள் வேண்டும். லட்சக்கணக்கில் செய்தால்தான் போட்ட பணம் திரும்பும். பழைய ஆங்கிலப் படங்களில் நியூயார்க் தெருவில் வரும் உருண்டையான மஞ்சள் டாக்ஸி செக்கர் கம்பெனியுடையது. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூவில் இருந்த அந்தக் கம்பெனி ஆண்டுக்குச் சில ஆயிரம் கார்களே செய்தது. அதற்கு எதற்கு ஃபவுண்டரி? 1964 வரை கான்டினென்டல் என்ற கம்பெனியிடம் இன்ஜின் வாங்கியது. 1965 முதல் செவர்லே இன்ஜின். ஸ்டூடிபேக்கர் என்ற அமெரிக்கக் கார் கம்பெனியின் கதை இன்னும் பரிதாபம். 1963 டிசம்பரில் சவுத் பெண்டில் இருந்த பெரிய ஆலையை மூடியபோது இன்ஜின் செய்யும் இடமும் அதோடு போயிற்று. கார் மட்டும் கனடாவின் ஹாமில்டனில் தொடர்ந்தது. கடைசி இரண்டு வருட மாடல்களுக்கு இன்ஜின் கொடுத்தது யார் தெரியுமா? போட்டிக் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸின் கனடாக் கிளை!

இந்தக் கான்டினென்டலை நினைவில் வைத்துக்கொண்டு இங்கிலாந்துக்குப் போவோம். ஹாரி பெர்குசன் வடிவமைத்த டிஇ20 என்ற சிறு டிராக்டர் 1946-ல் வந்தது. கடைத்தெருவில் போன சிவப்பு வண்டிக்கு அது பாட்டன் முறை. பெர்குசனுக்காக அதைச் செய்துகொடுத்தது கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. முதலில் அதற்கு இன்ஜின் அமெரிக்காவின் கான்டினென்டலிலிருந்துதான் வந்தது. பிறகு ஸ்டாண்டர்டு தன் சொந்த இன்ஜினைப் போட்டது. அதே இன்ஜின் குடும்பம் அவர்களுடைய வான்கார்ட் காருக்கும் போனது. வயலுக்கு ஒன்று, சாலைக்கு ஒன்று என்று தனித்தனியாக வார்க்கவில்லை.

ஒரே பிளாக் எப்படி இரண்டு வேலைக்கும் ஆகும்? இந்த இன்ஜினில் சிலிண்டரை பிளாக்கிலேயே குடைவதில்லை. கழற்றி மாட்டக்கூடிய இரும்புக் குழாயாக உள்ளே இறக்குவார்கள். அதைச் சுற்றிக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும். மெக்கானிக்குகள் வெட் லைனர் என்பது இதைத்தான். 80 மில்லிமீட்டர் லைனர் போட்டால் 1850 சிசி. 83 போட்டால் 1991. 85 போட்டால் 2088. லைனரும் பிஸ்டனும் மாறுகின்றன, பிளாக் அதேதான்.

டிராக்டரில் இந்த இன்ஜினை வேகமாகச் சுற்ற விடமாட்டார்கள். கவர்னர் என்ற கடிவாளம் பிடித்துக்கொள்ளும். கிடைப்பது 25 எச்.பி. அளவுதான். ஆனாலும் கலப்பையை இழுக்கிறதே? கியர்தான் காரணம். சக்கரத்தின் வேகத்தைக் குறைத்து, அந்த அளவுக்கு இழுவையைக் கூட்டித் தருகிறது. ஆளின் நடைவேகத்தில் போகிற வண்டிக்கு அது போதும். காரின் பாடு வேறு. வேகம் கூடக் கூட எதிர்க்காற்றின் தடை பல மடங்காகும். அதைக் கிழித்துப் போக எச்.பி. வேண்டும். அதற்கு இன்ஜின் வேகமாகச் சுற்ற வேண்டும், கார்புரேட்டர் நன்றாக மூச்சு விட வேண்டும். ஸ்டாண்டர்டின் கையில் இருந்த டிரையம்ப் கம்பெனியின் டிஆர்2 என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கு இதே இன்ஜினில் 83 மில்லிமீட்டர் லைனர் போட்டு, இரட்டை கார்புரேட்டர் மாட்டி 90 எச்.பி. எடுத்தார்கள். 1953-ல் பெல்ஜியத்தின் யப்பேக்கே நெடுஞ்சாலையில், சோதனைக்கென்று தயார் செய்த ஒரு டிஆர்2 மணிக்கு 124 மைலுக்கு மேல், அதாவது சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தது. டிராக்டர் இன்ஜின் என்று இனி யாராவது உதட்டைப் பிதுக்கினால் இதைச் சொல்லலாம்.

அந்த உதட்டுப் பிதுக்கல் நம் ஊரில்தான் அதிகம் நடந்தது. சென்னைக்கு வெளியே பெருங்களத்தூரில் இந்திய ஸ்டாண்டர்டு கம்பெனியின் ஆலை இருந்தது. நம் ஊரில் ஓடிய ஹெரால்டு கார் அங்கேதான் தயாரானது. 1985-ல் அவர்கள் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரை வெளியிட்டார்கள். உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1. அன்றைய நம் சாலைகளில் அத்தனை அழகான கார் வேறு இல்லை என்பேன். இன்ஜின் மட்டும் பழைய வான்கார்ட் குடும்பத்து 1991 சிசி. செய்தி பரவியதும் ‘டிராக்டர் இன்ஜினை வைத்து ஏமாற்றிவிட்டார்கள்’ என்ற பேச்சு எழுந்தது. வெளிநாட்டு உடம்புக்கு அதன் சொந்த இன்ஜினைத் தராமல் போனார்களே என்ற வருத்தம் அதில் இருந்தது.

அந்தச் சொந்த இன்ஜின் எது? எஸ்டி1 1976-ல் இங்கிலாந்தில் வந்தபோது உள்ளே இருந்தது 3.5 லிட்டர் வி8. அதைப் பெற்றெடுத்தது ரோவர் அல்ல. 1961 மாடல் அமெரிக்க ப்யூக் கார்களுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் செய்த அலுமினிய இன்ஜின் அது. இரண்டொரு ஆண்டுகளில் அதைக் கைவிட்டார்கள். ரோவர் 1965-ல் உரிமையை விலைக்கு வாங்கியது. ஆக, அசல் என்று நாம் ஏங்கியதும் சந்தையில் பிடித்த மாடுதான்.

அப்படியானால் ஸ்டாண்டர்டு 2000 ஏன் தோற்றது? இன்ஜினின் குலத்தை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். டிஆர்2-வின் எடை 900 கிலோவை ஒட்டி. அதற்கு 90 எச்.பி. எஸ்டி1 சுமார் 1,300 கிலோ. வி8 இருந்தபோது 155 எச்.பி. பெருங்களத்தூரில் கிடைத்தது 83 எச்.பி. பாதிப் பலத்தில் அதே பாரம். கிளம்பவும் ஏறவும் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தால் பெட்ரோல் எப்படி மிஞ்சும்? விலையும் அதிகம், குடிப்பதும் அதிகம் என்று பெயர் கெட்டு, 1988-ல் உற்பத்தி நின்றது. ஏறக்குறைய அதே இன்ஜினை இன்னும் லேசான உடம்பில் வைத்திருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

வேறு இன்ஜின் வைத்ததற்காக ஒரு கம்பெனி உண்மையிலேயே குற்றவாளிக் கூண்டில் நின்றதும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸின் ஓல்ட்ஸ்மொபில் கார்கள் ராக்கெட் என்ற தங்கள் இன்ஜினைச் சொல்லிச் சொல்லியே விற்றவை. 1977 மாடலுக்கு அந்த இன்ஜின் போதாமல் போகவே, பல கார்களில் தங்கள் இன்னொரு பிரிவான செவர்லேயின் இன்ஜினை வாங்குபவரிடம் சொல்லாமல் வைத்துவிட்டார்கள். இரண்டும் 350 கன அங்குலம். ஓட்டினால் வித்தியாசம் தெரிவது கஷ்டம். சிகாகோக்காரர் ஒருவர் ஓல்ட்ஸ்மொபில் பாகங்கள் தன் காரில் சேரவில்லை என்று கண்டுபிடிக்க, இல்லினாய் மாநிலம் வழக்குத் தொடுத்தது. பிற மாநிலங்களும் சேர்ந்தன. கம்பெனி நஷ்டஈடு கொடுத்தது. அங்கே தப்பு இன்ஜினில் இல்லை, மறைத்ததில் இருந்தது. அதன்பின் பல பிரிவுகள் செய்த இன்ஜின்கள் தங்கள் கார்களில் இருக்கும் என்று அவர்களே விளம்பரத்தில் அச்சடித்தார்கள்.

நம் பக்கத்தில் இந்தச் சிக்கலுக்கு எளிய வழக்கம் ஒன்று உண்டு. மஹிந்திரா ஜீப் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் வழிவந்தது. முதலில் வில்லிஸ் பெட்ரோல் இன்ஜின்; பிறகு இன்டர்நேஷனல் டிராக்டர் வழிவந்த டீசல்; எம்எம்540 காலத்தில் பிரான்சின் பெஜோ டீசல். போதாததற்குக் கைமாறிய வண்டிகளில் பட்டறையிலேயே மாற்றி வைத்ததும் இருக்கும். அப்படி ஒரு ஜீப்பை வாங்க நினைத்தால், ஆர்சி புத்தகத்தில் உள்ள இன்ஜின் நம்பரை பிளாக்கில் பொறித்த நம்பரோடு ஒத்துப் பார்க்க வேண்டும். இன்ஜின் மாறியிருந்தால் அது ஆர்டிஓ அலுவலகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். ஃபேன் பெல்ட் வாங்கப் போகும்போது “ஜீப்புக்கு” என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் கையை அலமாரிக்கு நீட்டமாட்டார், “எந்த இன்ஜின்?” என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்.