மகள் மார்பில் கட்டியா? பதறாதீங்க, மறைக்காதீங்க!

பெரியவளாகி இரண்டு வருஷம்கூட ஆகாத மகள் குளித்துவிட்டு வந்து, தயங்கித் தயங்கிச் சொல்கிறாள்: "அம்மா, இந்தப் பக்கம் மட்டும் பெரிசாயிட்டே போகுதும்மா..."

உடனே புற்றுநோய்தான் ஞாபகம் வருகிறது, இல்லையா? அந்த பயத்தை முதலில் தள்ளி வையுங்கள். இந்த வயதில் மார்பகப் புற்றுநோய் மிக மிக அபூர்வம். பெரும்பாலும் இது 'ஃபைப்ரோ அடினோமா' என்ற சாதுவான கட்டிதான். தொட்டால் விரலுக்கடியில் நழுவி ஓடும். சின்னதாக இருந்தால் கத்தியே வேண்டாம். சில மாதங்களுக்கு ஒருமுறை டாக்டர் பார்த்தால் போதும். சில கட்டிகள் தானாகவே சுருங்கிவிடும்.

அபூர்வமாகச் சிலருக்கு மட்டும், வாரக்கணக்கிலேயே கிடுகிடுவென்று வளரும். 5 சென்டிமீட்டரைத் தாண்டினால் ராட்சதக் கட்டி என்பார்கள். தோல் பளபளவென்று இழுபடும். ரத்தக்குழாய்கள் புடைத்துத் தெரியும். இதுவும் புற்றுநோய் அல்ல. ஆனால், வெட்கப்பட்டு துப்பட்டாவுக்குள் மறைத்து நாளைக் கடத்தினால், கட்டி நெருக்கி நெருக்கி நல்ல திசு நசுங்கும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இல்லாமல் போய்விடும்.

"மேமோகிராம் எடுக்கணுமா டாக்டர்?" பொதுவாக வேண்டாம். இளம் மார்பகம் அடர்த்தியானது; எக்ஸ்ரேயில் கட்டி சரியாகத் தெரியாது. அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன்தான் சரி, கதிர்வீச்சும் இல்லை. கட்டி வேகமாக வளர்ந்தால், மரத்துப்போக மருந்து போட்டு, ஊசியால் துளி சதை எடுத்துப் பார்ப்பார்கள். காரணம், 'ஃபில்லாய்ட்ஸ்' என்று இன்னொரு கட்டி. ஸ்கேனில் அச்சு அசலாக அதேபோல இருக்கும். இளம் வயதில் இதுவும் பெரும்பாலும் சாதுதான். ஆனால் மிச்சம் வைத்தால் மறுபடி முளைக்கும். அதனால் முழுசாக எடுத்து, சில வருஷம் கவனிக்க வேண்டும்.

"மார்பையே எடுத்துடுவாங்களா?" அம்மாக்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கிற கேள்வி இது. இல்லை. கட்டியை மட்டும்தான் எடுப்பார்கள். நசுங்கியிருந்த நல்ல திசு பிறகு மெல்ல விரிந்துகொள்ளும். கருவட்டத்தின் விளிம்பிலோ அடி மடிப்பிலோ கீறுவதால் தழும்பு அவ்வளவாகத் தெரியாது.

இன்னொரு விஷயம், சின்னப் பெண்களின் அம்மாக்களுக்கு. 8 முதல் 13 வயதுக்குள் காம்புக்கு அடியில், ஒரு பக்கம் மட்டும், காசு போலக் கெட்டியாக, தொட்டால் வலிக்கிற மாதிரி ஏதாவது தென்பட்டால், அது அநேகமாகக் கட்டியே இல்லை. மார்பு அரும்புகிறது, அவ்வளவுதான்! அடுத்த பக்கம் சில மாதம் கழித்து வரும். அதைக் கட்டி என்று வெட்டிவிட்டால் அந்தப் பக்கம் வளர்ச்சியே இருக்காது. 'எடுத்துடலாம்' என்று யார் சொன்னாலும், இன்னொரு டாக்டரிடம் காட்டாமல் தலையாட்டாதீர்கள்.