கவனம் இல்லையா, வேறிடத்தில் இருக்கிறதா?

ஆட்டிசம் உடைய குழந்தையைப் பற்றி எழும் முதற்குறை, "கூப்பிட்டால் திரும்புவதில்லை, எதிலும் கவனமில்லை" என்பதே. உளவியலைப் பாடமாகக் கற்கும் எனக்கு இக்கூற்று பொருந்தாததாகவே தோன்றுகிறது. அக்குழந்தையிடம் கவனம் உண்டு. நாம் எதிர்பார்க்கும் இடத்தில் அது இல்லை.

லண்டனில் 1974ஆம் ஆண்டு பிறந்த ஓவியர் ஸ்டீபன் வில்ட்ஷயருக்கு 3 வயதில் ஆட்டிசம் எனக் கண்டறிந்தனர். 2005இல் டோக்கியோ நகரை ஹெலிகாப்டரிலிருந்து சிறிது நேரமே பார்த்த அவர், நினைவிலிருந்தே 10 மீட்டர் நீளத் திரையில் அதனை வரைந்தார். அபார நினைவாற்றல் என்று வியக்கிறோம். ஆனால், கண் கவனியாததை நினைவு எப்படிக் காக்கும்?

அமிதா ஷா, உட்டா ஃப்ரித் என்னும் ஆய்வாளர்கள் 1983இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். ஒரு படத்துக்குள் முக்கோணம் போன்றதொரு வடிவம் ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க வேண்டும். நம் கண்ணுக்கு முழுப்படமே முன்னால் வந்து நிற்கும். ஆட்டிசக் குழந்தைகளோ ஒளிந்திருப்பதை மற்றவரினும் நன்றாகக் கண்டுபிடித்தனர்.

1993இல் அவர்களே வண்ணக் கட்டைகளை அடுக்கி, காட்டிய கோலத்தை அமைக்கச் செய்தனர். கோலத்தை முன்னதாகவே துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டியபோது மற்றவர்களின் வேகம் வெகுவாகக் கூடியது. ஆட்டிசம் உடையோருக்கு அவ்வுதவி அதிகம் தேவைப்படவில்லை. அவர்கள் கண் அதனை முன்பே பிரித்துவிட்டதல்லவா!

முழுமையைக் காணும் ஆற்றல் இவர்களிடம் குறைவு என்று ஃப்ரித் முதலில் கருதினார். கனடாவின் லாரன் மோட்ரோன் இதனை ஏற்கவில்லை. வேண்டும்போது முழுமையையும் அவர்கள் காண்பர். நுணுக்கத்தைக் காணும் ஆற்றலே மிகுதி என்பது அவர் கருத்து. டோக்கியோ ஓவியத்தை எண்ணினால் எனக்கு மோட்ரோன் பக்கமே நியாயம் படுகிறது. ஃப்ரித்தும் 2006இல், இது குறை என்பதைவிட ஒரு சிந்தனைப் பாங்கு என்றே எழுதினார்.

கூப்பிட்டால் திரும்பாமை ஏன்? டைனா மர்ரி முதலியோர் 2005இல் ஒரு விளக்கம் தந்தனர். கவனம் அளவுக்குட்பட்ட பொருள். நாம் அதைப் பலவற்றில் பகிர்ந்து வைக்கிறோம். இவர்கள் ஒன்றிரண்டில் முழுவதையும் வைக்கின்றனர். அங்கிருந்து பெயர்த்தெடுப்பது எளிதன்று.

ஆட்டிசம் உடையோரில் பெரும்பாலோர்க்கு இத்தகைய அருந்திறன் வாய்ப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வாய்த்தவர்க்கும் ஓயாத பழக்கம் வேண்டும். வில்ட்ஷயர் இளமையில் பேசாதவர், ஆனால் ஓயாது வரைந்தவர். வரைபொருள்களைக் கேட்டுப் பெறட்டும் என்று ஆசிரியர்கள் அவற்றைச் சிறிது காலம் எடுத்து வைத்தனர். அவர் வாயில் முதலில் வந்த சொல், "காகிதம்".