பிராக்ஸி சர்வரின் நினைவகம் நிரம்புவது ஏன்?

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோரக் கிராமங்களில் வாழும் நம் தமிழ்ப் பிள்ளைகள் பலர், வேலைக்கு விண்ணப்பிக்கவும் தமிழ்ப் பாடங்களை இறக்கிக்கொள்ளவும் எங்கள் படிப்பகத்துக் கணிப்பொறிகளையே நம்பியிருக்கிறார்கள். சில மாதங்களாக, மாலை வேளைகளில் அங்குள்ள பிராக்ஸி சர்வர் திணறி நின்றுவிடும். பழுது பார்க்க வந்தவர், புதிய இயந்திரம்தான் வாங்க வேண்டும் என்றார். கையிலிருந்ததோ நோட்டுப் புத்தகங்களுக்காகச் சேர்த்த பணம். முதலில் கணக்குப் பார்ப்போம் என்றேன். அந்தக் கணக்கு மற்றச் சங்கங்களுக்கும் பயன்படலாம்.

பிராக்ஸி சர்வர் என்பது, ஒருவர் கேட்ட இணையப் பக்கத்தைச் சேமித்து வைத்து, அடுத்தவர் கேட்கும்போது வெளியே போகாமலே கொடுக்கும் இடைத்தரகர். இதற்குப் பலரும் பயன்படுத்துவது 1996-ல் வெளிவந்த 'ஸ்க்விட்' என்னும் இலவச மென்பொருள். எங்களுடையதும் அதுவே.

இதை ரயில் நிலையத்துப் பார்சல் ஆபீஸாக எண்ணிக்கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க் கிடங்கு. நினைவகம் குமாஸ்தாவின் மேசை. அடிக்கடி கேட்கப்படும் சில பார்சல்கள் மேசையிலேயே இருக்கும். அவற்றுக்கான இடத்தைத்தான் 'கேஷ் மெம்' என்ற அமைப்பு குறிக்கிறது. ஸ்க்விட்டின் மொத்த நினைவகத்துக்கும் அதுவே வரம்பு என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. கிடங்கில் உள்ள ஒவ்வொரு பார்சலுக்கும் ஒரு வரி எழுதிய பதிவேடும் அதே மேசையில்தான் விரிந்திருக்கும். கிடங்கு பெருக்கப் பெருக்கப் பதிவேடும் பெருக்கும்.

64-பிட் இயந்திரத்தில், டிஸ்க் சேமிப்பு ஒரு ஜி.பி.க்குச் சுமார் 14 எம்.பி. நினைவகம் பதிவேட்டுக்கு வேண்டும். 32-பிட்டில் சுமார் 10. எங்கள் சர்வரில் நினைவகம் 2 ஜி.பி.; சேமிப்புக்கு ஒதுக்கியிருந்ததோ 100 ஜி.பி. நூறைப் பதினான்கால் பெருக்கினால் 1,400 எம்.பி. கேஷ் மெம் 256 எம்.பி. சேர்த்தால் 1,656. இதற்குமேல் இணைப்புகளுக்கான இடம், இயக்க மென்பொருள் எல்லாம் உண்டு. மேசையில் இடமில்லாதபோது இயந்திரம் நினைவகத்தின் ஒரு பகுதியை டிஸ்கில் எழுதி எழுதி எடுக்கிறது. இதையே 'ஸ்வாப்' என்பார்கள். டிஸ்க் மிக மெதுவானது; ஆகவே எல்லாம் நின்றுபோனதுபோல் தோன்றும். ஸ்க்விட்டின் 'கேஷ் மேனேஜர்' அறிக்கையில் 'பேஜ் ஃபால்ட்' எண்ணிக்கை ஓயாமல் ஏறினால் இதுவே நோய் என்று அறியலாம்.

மருந்து எளிது. சேமிப்பை 100-லிருந்து 20 ஜி.பி. ஆக்கினோம், பதிவேடு 280 எம்.பி.க்குள் அடங்கியது. பழைய பக்கங்கள் நீங்கிய பின் ஸ்க்விட்டை ஒருமுறை நிறுத்தித் தொடங்க வேண்டும். ஏனெனில் ஓடும் மென்பொருள் ஒருமுறை வாங்கிய நினைவகத்தைப் பெரும்பாலும் உடனே திருப்பித் தருவதில்லை. கேஷ் மெம்மையும் 128 ஆகக் குறைத்தோம்.

சேமிப்பைக் குறைத்தால் வேகம் போகாதா என்று கேட்கலாம். இன்று பெரும்பாலான தளங்கள் 'எச்.டி.டி.பி.எஸ்.' என்ற மறையாக்க முறையில் வருவதால், சாதாரண அமைப்பில் பிராக்ஸியால் அவற்றைத் திறந்து பார்க்கவோ சேமிக்கவோ இயலாது. ஆகவே பெரிய கிடங்கினால் முன்போல் ஆதாயமில்லை.

உங்கள் ஊர்ச் சங்கத்திலும் பள்ளியிலும் இத்தகைய சர்வர் திணறினால், இயந்திரம் வாங்குமுன் காகிதத்தில் ஒரு பெருக்கல் போட்டுப் பாருங்கள். கணக்கு நினைவகத்துக்குள் அடங்கியும் திணறினால் மட்டுமே வேறு காரணம் தேட வேண்டும். எங்கள் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகப் பணம் மிஞ்சியது.