தறி பழுதானாலும் துணி பாழாகலாகாது

2017-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் தேதி வெள்ளிக்கிழமையன்று உலகெங்கும் பரவத் தொடங்கி, சில தினங்களுக்குள் 150 தேசங்களில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளைப் பீடித்த ‘வான்னாக்ரை’ என்னும் வைரஸ், அடுத்த நாளே ஆந்திர மாநிலக் காவல் துறையின் 18 அலகுகளில் புகுந்திருந்தது தெரியவந்தது. கிருஷ்ணா, குண்டூர், விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் ஆகிய மாவட்டங்களோடு சித்தூரும் அந்தப் பட்டியலில் இருந்தது. பிறகு திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் அலுவலகக் கணிப்பொறிகள் சிலவும் அதே நோய்க்கு இலக்காயின என்ற செய்தி வந்தபோது, எங்கோ லண்டன் ஆஸ்பத்திரிகளில் நடப்பதாகப் பத்திரிகையில் படித்த விபத்து ஏழுமலையின் அடிவாரத்துக்கே வந்துவிட்டது என்பது தெளிவாயிற்று. பக்தர்களுக்கான சேவைகளுக்குப் பாதகம் எதுவும் இல்லை என்று தேவஸ்தானம் அறிவித்தது அன்றைக்குப் பெரிய ஆறுதல்.

அந்த வைரஸ் செய்த காரியம் கொடியது. கணிப்பொறியில் இருந்த கடிதங்களையும் கணக்குகளையும் படங்களையும் உடையவரே திறக்க முடியாதபடி பூட்டிவிட்டு, 300 டாலர், அதாவது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 19,000 ரூபாய், பிட்காயினாகக் கட்டினால் திறந்துவிடுவதாகத் திரையில் எழுதிக் காட்டியது. மூன்று நாட்கள் தாமதித்தால் தொகை இரட்டிப்பாகும் என்று மிரட்டியது. ஆயினும் இந்தச் சரித்திரத்தில் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வேறொரு தேதி. அந்த வைரஸ் எந்தத் துவாரத்தின் வழியே நுழைந்ததோ, அந்தத் துவாரத்தை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் 14-ஆம் தேதியே, அதாவது இரண்டு மாதங்களுக்கு முன்பே, வெளியிட்டிருந்தது. அதை ஏற்றிக்கொண்ட கணிப்பொறிகள் தப்பின. ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட்டவை அகப்பட்டுக்கொண்டன.

வீட்டுக்கு வரும் வைரஸ்

இவ்வளவு பயங்கரமான வைரஸ்தான் வரவேண்டும் என்பதில்லை. நகரியிலும் ஏகாம்பரகுப்பத்திலும் புத்தூரிலும் விசைத்தறி வைத்திருப்பவர் ஜி.எஸ்.டி. கணக்குக்காக ஒரு லாப்டாப் வைத்திருக்கிறார். அவருடைய மகளோ மகனோ கல்லூரிப் பாடங்களையும் அதிலேயே எழுதுகிறார்கள். அரசாங்கச் சேவைகளைக் கணிப்பொறி வழியே அளிக்கும் மீசேவா திட்டம் 2011-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் தொடங்கப்பட்டதே இவ்வூர்கள் அன்று அடங்கியிருந்த சித்தூர் மாவட்டத்தில்தான் என்பதால், சான்றிதழ்களும் பட்டாக்களும் கணிப்பொறி வழியே வருவது இங்குள்ள சாமான்ய ஜனங்களுக்கு வெகு நாளைய பழக்கம். ஒரு ஜெராக்ஸ் கடையில் செருகிய பென்டிரைவ் வீட்டுக்கு வந்து லாப்டாப்பில் நுழைகிறது. மறுநாள் திறந்தால் ஃபோல்டர்கள் எல்லாம் மறைந்து, அவற்றின் பெயரில் வெறும் ஷார்ட்கட்டுகள் நிற்கின்றன. கேட்காத விளம்பரங்கள் குதிக்கின்றன. விசிறி ஓயாமல் இரைகிறது. வைரஸ் தடுப்பு மென்பொருள் தானாகவே அணைந்து கிடக்கிறது.

சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போனால், “சார், ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் போட்டுடலாம். டேட்டா ஏதாவது வேணுமா?” என்று கடைப் பையன் கேட்கிறான். அந்த ஒரு கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்லாமல், “முக்கியமா ஒண்ணும் இல்லப்பா” என்று சொல்லிவிட்டுப் போய், பிறகு பெண்ணின் கல்யாணப் படங்களுக்காகவும் மூன்று வருஷத்துக் கணக்குக்காகவும் கலங்கி நிற்பவர்கள் அநேகர்.

ஏன் புதிதாக நிறுவ வேண்டும்?

வைரஸைத் தேடி அழித்தால் போதாதா என்று கேட்பது நியாயமே. சில சமயம் போதும். ஆனால் ஒரு வைரஸ் இயங்குதளத்தின் உள்ளுறுப்புகளையே மாற்றி, கணிப்பொறி விழிக்கும்போதே தானும் விழிக்கும்படி ஒளிந்துகொள்ள வல்லது. 1986-ஆம் ஆண்டு லாகூரைச் சேர்ந்த அல்வி சகோதரர்கள் இருவர் எழுதிய ‘பிரெயின்’, ஐ.பி.எம். வகைக் கணிப்பொறிகளைத் தொற்றிய முதல் வைரஸ் என்று சொல்லப்படுவது, ஃபிளாப்பி வட்டின் முதல் பகுதியிலேயே குடிகொண்டு, கணிப்பொறி எழுந்திருக்கும் க்ஷணத்திலேயே நினைவகத்தில் ஏறிக்கொண்டது. இன்று வைரஸ்களின் வித்தை எவ்வளவோ பெருகிவிட்டது. ஆகவே, நோயுற்ற இயங்குதளத்துக்குள்ளிருந்துகொண்டே ‘நோய் நீங்கிவிட்டது’ என்று அந்த இயங்குதளமே தரும் சாட்சியை முழுவதும் நம்புவதற்கில்லை. வட்டைத் துடைத்துவிட்டு, சுத்தமான மூலத்திலிருந்து மறுபடி நிறுவுவதே நம்பத் தகுந்த நிவர்த்தி.

தறி பழுதாகிவிட்டால் நெய்த துணியைப் பத்திரமாக அறுத்து எடுத்து வைத்துவிட்டுத்தான் தறியைப் பிரிப்பார்கள். லாப்டாப்பில் விண்டோஸ் தறி, நம்முடைய கோப்புகளே துணி. விண்டோஸை எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி பெறலாம். நாம் எழுதியதும் எடுத்ததும் கணக்கிட்டதும் நம்மிடம் தவிர வேறெங்கும் இல்லை. இந்தப் பேதத்தை மனத்தில் வாங்கிக்கொண்டவருக்கு மீதி எல்லாம் வெறும் வேலைக் கிரமமே.

செய்யும் கிரமம்

முதலில் வைஃபையை அணைத்து லாப்டாப்பை வலையிலிருந்து பிரித்துவிட வேண்டும். பிறகு, நோயுற்ற விண்டோஸைத் திறக்காமல், உபுண்டு போன்ற லினக்ஸை ஒரு பென்டிரைவிலிருந்து இயக்கி, அதன் வழியே கோப்புகளை வெளிவட்டுக்கு எடுத்துக்கொள்வது உத்தமம். ‘சி டிரைவ் மட்டும்தானே போகும், டி-யில் இருப்பது இருக்கும்’ என்று நினைப்பவர்கள், டெஸ்க்டாப்பும் டாகுமென்ட்ஸும் டவுன்லோட்ஸும் சாதாரணமாக சி டிரைவில்தான் இருக்கின்றன என்பதையும், டி டிரைவிலும் வைரஸ் தங்கக்கூடும் என்பதையும் மறக்கலாகாது. எழுத்துகள், படங்கள், கணக்குகள் ஆகியவற்றை மட்டும் எடுக்க வேண்டும். ‘இஎக்ஸ்இ’ என்று முடியும் நிரல்களை எடுப்பது நோயையும் மூட்டை கட்டி எடுத்துப் போவதற்குச் சமம். வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழும் தெலுங்கும் அருகருகே புழங்கும் நகரி போன்ற ஊருக்கென்று ஒரு விசேஷ எச்சரிக்கை உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் அச்சடிக்கப்பட்ட கல்யாணப் பத்திரிகைகளும், சங்கத் தீர்மானங்களும், கோயில் கணக்குகளும் தமிழில் பாமினி, டாம், டாப் போன்ற எழுத்துருக்களிலும், தெலுங்கில் அனு போன்ற எழுத்துருக்களிலும் கிடக்கின்றன. விண்டோஸைப் புதிதாகப் போட்டதும் அந்த எழுத்துருக்கள் அழிந்துவிடும். கோப்பு பத்திரமாக இருந்தும், திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த அர்த்தமற்ற குவியலாகத் தெரியும். ஆகையால் எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்தே பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். சாவகாசம் உள்ளவர்கள் அந்தப் பழைய எழுத்துகளை யூனிகோடுக்கு மாற்றிவிடுவது, வருங்காலச் சந்ததிக்குச் செய்யும் உபகாரம்.

அடுத்தபடியாக, வைரஸ் இல்லாத வேறொரு கணிப்பொறியில், மைக்ரோசாஃப்ட் நிறுவனமே இலவசமாக அளிக்கும் சாதனத்தைக் கொண்டு, குறைந்தது 8 ஜி.பி. கொள்ளும் ஒரு பென்டிரைவில் விண்டோஸை ஏற்ற வேண்டும். லாப்டாப்பை அதிலிருந்து எழுப்பி, பழைய பகுதிகள் அனைத்தையும் நீக்கிவிட்டு, வெற்றிடத்தில் நிறுவ வேண்டும். லாப்டாப்போடு வந்த உரிமம் பெரும்பாலும் அதன் தாய்ப்பலகையோடு பிணைந்திருப்பதால், அதே பதிப்பை நிறுவினால், இணையத்தில் சேர்ந்ததும் தானே செல்லுபடியாகும். புதிதாகப் பணம் கொடுக்க அவசியமில்லை. நிறுவியவுடன் திருத்தங்கள் முழுவதையும் ஏற்றி, எடுத்து வைத்த கோப்புகளைப் பரிசோதித்த பின்பே உள்ளே விட்டு, வங்கி, மின்னஞ்சல் முதலியவற்றின் கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். பழைய கடவுச்சொற்களை வைரஸ் திருடியிருக்கக்கூடும். மத்திய அரசாங்கம் 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரம் வைரஸ் நீக்கும் சாதனங்களை இலவசமாகவே தருகிறது. பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணில் உடனே முறையிடலாம்.

திருட்டுப் பிரதியின் அபாயம்

இத்தனை சிரமப்பட்டுத் துடைத்த லாப்டாப்பில் கிராக் செய்த விண்டோஸைப் போடுவது பெரும் அவிவேகம். உரிமத்தை ஏமாற்றும் அந்தச் சிறு நிரலை இயக்க, வைரஸ் தடுப்பை முதலில் அணைக்கச் சொல்கிறார்கள். அதை எழுதியவர் யார், உள்ளே வேறென்ன வைத்தார் என்பது போடுகிறவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்கிறவருக்கும் தெரியாது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்ட நிலையில், விண்டோஸ் 11-ஐத் தாங்காத பழைய லாப்டாப்புகளுக்கு, விலையின்றிக் கிடைக்கும் உபுண்டுவோ, நம் தேசத்து சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸோ கௌரவமான மார்க்கம். தமிழும் தெலுங்கும் அவற்றில் எழுதலாம், படிக்கலாம்.

வட்டாரத்து சர்வீஸ் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: டேட்டா வேண்டுமா என்ற கேள்வியை ஒரு வார்த்தையில் முடித்துவிடாமல், டெஸ்க்டாப், கணக்கு, படங்கள், எழுத்துருக்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, வாடிக்கையாளர் சம்மதித்த பிறகே வட்டைத் துடையுங்கள். வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: மருந்து எல்லாம் நோய் வந்த பிறகுதான், வரும் முன் காக்கும் உபாயங்கள் இரண்டே. திருத்தங்களைத் தள்ளிப்போடாதீர்கள், முக்கியமான கோப்புகளின் ஒரு பிரதியை, லாப்டாப்போடு எப்போதும் இணைந்திராத வேறொரு வட்டில், மாதம் ஒரு முறையாவது எடுத்து வையுங்கள். அந்தப் பிரதி கையில் இருப்பவரிடம் எந்த வைரஸும் கப்பம் கேட்க முடியாது.