பின்வரிசையில் நின்ற பெரிய வாத்தியம்

நாதஸ்வரக் கச்சேரிகளில் முன்பெல்லாம் ஒத்து ஊதுபவர் ஒருவர் இருப்பார். ஒரே சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அவர் வேலை. பொன்னாடையும் மாலையும் நாயனக்காரருக்கு. இவருக்கோ, 'ஒத்து ஊதுகிறான்' என்ற ஏளனப் பேச்சுதான் மிச்சம். மேல்நாட்டு இசைக்குழுவிலும் இப்படிப் பின்னால் நின்றே காலம் கழித்த வாத்தியம் ஒன்று உண்டு. அதன் பெயர் டபுள் பேஸ்.

தொலைக்காட்சியில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிடிலுக்குப் பெரியண்ணன் போல ஆறடி உயரத்தில் நிற்கும். நான்கு தந்திகள். பிடிலில் அதிரும் தந்தியின் நீளம் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர். இதிலோ ஒரு மீட்டருக்கும் சற்று அதிகம். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு இடக்கை விரல்கள் மூன்று மடங்கு தூரம் ஓட வேண்டும். மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு 41 முறைதான் அதிர்கிறது. அந்த ஒலியைக் காதைவிட நெஞ்சுக்கூடு நன்றாக உணரும். இத்தனை பெரிய உடம்போடு இது தனியாக என்ன பாடிவிடப் போகிறது என்று இசையமைப்பாளர் பலரும் அதை ஒதுக்கியே வைத்தார்கள்.

அதைக் கற்க வந்தவர்களின் கதையும் கேட்கத்தக்கது. 1835-ஆம் ஆண்டில் பொட்டெசினி என்ற இத்தாலியச் சிறுவன் மிலான் இசைக் கல்லூரியில் சேரப் போனான். உபகாரச் சம்பளத்தோடு காலியாக இருந்தவை இரண்டே இடங்கள். ஒன்று பசூன் என்னும் ஊதுகுழலுக்கு. மற்றது டபுள் பேஸுக்கு. பிடில் கற்றிருந்த பையன் சில வாரப் பயிற்சியிலேயே டபுள் பேஸ் இடத்தைப் பிடித்துவிட்டான். ரஷ்யாவில் ஏழை வீட்டில் பிறந்த கூசெவிட்ஸ்கியும் உபகாரச் சம்பளம் கிடைத்ததால்தான் இந்த வாத்தியத்தை எடுத்தார். இருவரும் உலகம் மெச்சும் வித்துவான்களானார்கள். பிள்ளைக்குக் கேட்ட படிப்பு கிடைக்கவில்லையே என்று மருகும் பெற்றோர் நம்மில் எத்தனை பேர்! அவர்களுக்கு இந்த இருவரைப் பற்றிச் சொல்லவேண்டும் போலிருக்கிறது. ஆனால் ஒரு குறை. வாசிக்கப் போதிய உருப்படிகள் இல்லை. தமக்கு வேண்டியதைத் தாமே எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்தக் குறையைத் தீர்க்க முனைந்தவர்களில் முதலில் சொல்லவேண்டியவர் அமெரிக்கரான பெர்ட்ராம் டுரெட்ஸ்கி. 1933-ல் பிறந்தவர். அவர் செய்த காரியம் எளியது: இசையமைப்பாளர்களிடம் போய்க் கேட்டார். "என் வாத்தியத்துக்குத் தனியாக ஏதாவது எழுதுங்கள்" என்பதே அவர் கோரிக்கை. இப்படி அவருக்காகப் பிறந்த உருப்படிகள் 300-க்கும் மேல். வில்லால் இழுப்பது, விரலால் சுண்டுவது, பலகையைத் தட்டுவது, வாசித்தபடியே குரல் கொடுப்பது என்று இதில் என்னென்ன ஒலி எழுப்பலாம் என்பதை 1974-ல் ஒரு நூலாகவும் எழுதி வைத்தார்.

புதுமை என்று வந்ததெல்லாம் இனித்துவிடவில்லை. 1969-ல் ஜேக்கப் டிரக்மன் எழுதிய 'வாலண்டைன்' என்னும் உருப்படியில், வாத்தியத்தை முரசுக் குச்சியால் அடிக்கவும் வேண்டும். வாசிப்பவர் வாயாலும் ஒலி எழுப்பவேண்டும். பெயரோ காதலர் திருநாளின் பெயர். கேட்டால் கணவன் மனைவி சண்டை மாதிரி இருக்கும்! எனக்கு அது காதில் ஒட்டவில்லை.

ஆனால் டாம் ஜான்சன் 1975-ல் எழுதிய ஒன்றை எந்தப் பள்ளிப் பிள்ளையும் ரசிக்கும். 'தோற்றுப்போதல்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். வித்துவான் தனியாக மேடையில் நின்று வாசிக்கவேண்டும். அதே சமயம் ஒரு நீண்ட உரையைச் சபைக்கு உரக்கப் படித்துக்கொண்டே இருக்கவேண்டும். உரையின் பொருளே, 'இந்த இரண்டையும் சேர்த்துச் செய்வது எவ்வளவு கடினம், நான் எங்கே தவறுவேன்' என்பதுதான். போகப் போக வாசிப்பு கடினமாகிறது, நாக்கு குழறுகிறது, சபை சிரிக்கிறது. இதில் ஒரு முடிச்சும் உண்டு. பிழையில்லாமல் முடித்துவிட்டால் தோல்வியைக் காட்டத் தவறியவராவார். தவறிவிட்டாலோ உருப்படி வெற்றி பெற்றதாகும். விகடகவிக்குத் தோன்றியிருக்க வேண்டிய யோசனை.

இத்தாலியரான ஸ்டெஃபானோ ஸ்கோதானிபியோ வேறு வழியில் போனார். 1956-ல் பிறந்தவர். தந்தியை அழுத்தாமல், குறிப்பிட்ட இடங்களில் விரல் நுனியால் தொட்டும் தொடாமலும் வில்லை இழுத்தால், கனத்த தந்தியிலிருந்து புல்லாங்குழல் போன்ற மெல்லிய மேல் சுரங்கள் எழும். சரிபாதியில் தொட்டால் மேல் ஸ்தாயி. மூன்றில் ஒரு பங்கில் தொட்டால் அதற்கும் மேலே உள்ள பஞ்சமம். மற்றவர்கள் இதை ஊறுகாய் போலத் தொட்டுக்கொண்டார்கள். இவர் அதையே சோறாக்கினார். 'முடிவில்லாப் பயணம்' என்று பொருள்படும் அவருடைய நீண்ட உருப்படியில், அடியில் இடி முழக்கமும் மேலே குருவிக் கூச்சலும் ஒரே வாத்தியத்திலிருந்து வருகின்றன.

அந்தக் கைகளுக்கே சோதனை வந்தது. தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோய் தாக்கி, 2012 ஜனவரியில் மெக்சிகோவில் அவர் காலமானார். வயது 55. அவர் வாசித்த ஒலிப்பதிவுகள் கிடைக்கின்றன. வாய்ப்புக் கிடைத்தால் ராத்திரியில், வீடு அடங்கிய பிறகு கேட்டுப் பாருங்கள். வாசிப்பவர் ஒருவர்தான் என்று நம்புவதற்குச் சற்று நேரமாகும்.