காதை அடைத்துக் கேட்பது: மேடைக் கலைஞரும் காதுள் மொனிற்றரும்

எமது கலைநிகழ்ச்சிகளில் ஒலியமைப்பாளரிடம் வந்து சேரும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றேதான்: "சத்தம் காணாது." பாடகருக்குத் தனது குரல் கேட்பதில்லை, மிருதங்கக்காரருக்குப் பாடகரின் குரல் கேட்பதில்லை, வயலின்காரர் தன்னைத் தவிர எல்லோரையும் கேட்கிறார். ஒவ்வொருவருக்காகவும் ஒலி சிறிது சிறிதாகக் கூட்டப்படுகிறது. இறுதியில் மேடையில் இருக்கும் ஒலிபெருக்கியின் சத்தம் ஒலிவாங்கிக்குள் திரும்பப் புகுந்து கூவத் தொடங்குகிறது. அந்தக் கூவலைக் கேட்டுச் சபை காதைப் பொத்துகிறது. கலைஞரோ பொத்த முடியாமல் அதற்குள்ளேயே இரண்டு மணித்தியாலம் இருக்கிறார்.

கலிபோர்ணியாவின் வளைகுடாப் பகுதியில் கிழக்குக் கரையாக அமைந்த லிவர்மோரிலும் இதுதான் நிலைமை. 1980களில் எழுந்த இங்குள்ள சிவா விஷ்ணு ஆலயம் தமிழரை மட்டுமன்றிப் பல மொழியினரையும் ஒன்றுகூட்டும் இடம். லிவர்மோரிலும் அயலிலுள்ள பிளெசன்ரன், டப்ளின், பிறீமொன்ற் ஆகிய நகரங்களிலும் அரங்கேற்றம், மெல்லிசை நிகழ்ச்சி, பண்ணிசைப் போட்டி என்று பாடசாலை மண்டபங்கள் வார இறுதிகளில் நிறைந்துவிடுகின்றன. அண்மைக் காலமாக இம்மேடைகளிலும் காதுக்குள் செருகும் சிறிய கருவி காணப்படுகிறது. இதனை இன்-இயர் மொனிற்றர் என்பர்; இக்கட்டுரையில் காதுள் மொனிற்றர் என்போம். பணம் கொடுத்து வாங்கியவர்களிற் பலர், "இதிலே அடித்தொனியே இல்லை" என்று சலித்து, ஒரு காதில் மட்டும் தொங்கவிட்டுப் பாடுவதையும் காண்கிறோம். குறை பெரும்பாலும் கருவியில் இல்லை. அது காதில் பொருந்திய விதத்தில் இருக்கிறது. இதை விளக்குவதும், எமது சமூகத்துக்கு இது ஏன் வெறும் இசைப் பிரச்சினை அல்ல என்று சொல்வதும் இக்கட்டுரையின் நோக்கம்.

கருவி வந்த வழி

இக்கருவி செவிப்புலன் குறைந்தவர்களுக்காகச் செய்யப்பட்ட தொழில்நுட்பத்தின் பிள்ளை. 1946இல் ஹியூ நோல்ஸ் தொடங்கிய அமெரிக்க நிறுவனம் காதுகேட்கும் கருவிகளுக்கான மிகச் சிறிய ஒலிவாங்கிகளையும் ஒலிப்பான்களையும் செய்தது. அந்தத் துறையிலிருந்து வந்த மீட் கில்லியனின் எற்றிமோட்டிக் நிறுவனம் 1991இல் ஈஆர்-4 என்னும் காதுள் ஒலிப்பானை வெளியிட்டது. 1995 அளவில் ஜெரி ஹார்வி என்ற ஒலிப்பொறியியலாளர், வான் ஹேலன் இசைக்குழுவின் டிரம் வாத்தியக்காரர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காகக் காதின் வார்ப்பிலேயே ஒன்றைச் செய்து கொடுத்தார். டிரம் சத்தத்தின் நடுவே மற்றவர்களைக் கேட்க வேண்டும், ஆனால் அதற்காக மேலும் சத்தம் போடக்கூடாது என்பதே அங்கு தேவையாக இருந்தது. வெளிச் சத்தத்தைத் தடுத்து, உள்ளே குறைந்த சத்தத்திற் கேட்கச் செய்வதே இக்கருவியின் அடிப்படை.

அடைப்பே ஒலி

எமது செவிக்குழாய் சுமார் 25 மில்லிமீற்றர் நீளமும் 7 மில்லிமீற்றர் அளவான அகலமும் கொண்டது. அது நேர்க்குழாய் அல்ல. இரண்டு வளைவுகள் உண்டு. ஒருவரின் வலக்காதும் இடக்காதும்கூட ஒரே அளவாக இருப்பதில்லை. காதுள் மொனிற்றரின் சிறிய ஒலிப்பான், இந்தக் குழாயில் அடைபட்ட கொஞ்சக் காற்றையே அசைக்கிறது. எங்காவது ஒரு நூலளவு இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த தொனிகள் அவ்வழியே வெளியேறிவிடும். மேல் தொனிகள் எஞ்சி நிற்கும். மிருதங்கத்தின் தொப்பி காணாமற்போய் வலந்தலை மட்டும் கணீரென்று கேட்பதன் காரணம் இதுதான். அந்நேரம் ஒலிக்கலவைப் பலகையில் அடித்தொனியைக் கூட்டச் சொல்வது ஓட்டைக் குடத்துக்கு மேலும் தண்ணீர் வார்ப்பதற்கு ஒப்பானது. அதே இடைவெளியால் வெளிச் சத்தமும் உள்ளே வரும். அதை வெல்ல ஒலியைக் கூட்டுவார்கள். ஓர் ஓட்டையால் இசையும் கெடுகிறது, காதும் கெடுகிறது.

ஆகவே வாங்கியவுடன் செய்யவேண்டிய முதல் வேலை, பெட்டிக்குள் இருக்கும் எல்லா அளவு முனைகளையும் போட்டுப் பார்ப்பது. வலப்பக்கத்துக்குப் பெரியதும் இடப்பக்கத்துக்கு நடுத்தரமும் பொருந்தினால் அப்படியே பாவிக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சிலிக்கன் முனை கழுவ இலகுவானது, ஆனால் வியர்வையில் வழுக்கும். போம் முனை அடைப்பில் சிறந்தது, ஆனால் சில மாதங்களில் இறுகிப் பழுதாகும். லிவர்மோரின் கோடை வெயிலில் திறந்த வெளியில் வாசிப்பவர்கள் போம் முனையை முயன்று பார்ப்பது நல்லது.

செருகும் முறையும் முக்கியமானது. எதிர்ப்பக்கக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்தால் குழாயின் வளைவு ஓரளவு நேராகும். அப்போது மொனிற்றரை மெதுவாகத் திருகியவாறு உள்ளே செலுத்த வேண்டும். போம் முனையாயின் விரலால் உருட்டி மெலிதாக்கிச் செருகி, அது விரியும் வரை அரை நிமிடமாவது அசையாமற் பிடித்திருக்க வேண்டும். வயரைக் காதுக்கு மேலாகச் சுற்றிப் பின்கழுத்தால் இறக்கினால் தலை அசைவு மொனிற்றரை இழுக்காது. நோவு ஏற்படும் வரை அழுத்தக்கூடாது.

சரியாகப் பொருந்தியதா என அறிய ஒரு சோதனை உண்டு. சுருதிப் பெட்டியை மட்டும் குறைந்த ஒலியில் மொனிற்றருக்கு அனுப்பச் சொல்லுங்கள். கீழ்ச் சட்ஜமம் இரு காதிலும் ஒரே கனத்தோடு, தலையின் நடுவில் இருப்பதுபோலக் கேட்கவேண்டும். பிறகு விரலால் ஒவ்வொரு பக்கமாக மெல்ல அழுத்துங்கள். அழுத்தும்போது அடித்தொனி திடீரெனக் கூடினால், அதுவரை அடைப்பு இருக்கவில்லை என்று பொருள். முனையை மாற்றுங்கள். அடுத்து வாயை அகலத் திறந்து மூடுங்கள். தாடை அசையும்போது செவிக்குழாயின் உருவம் மாறுவதால் சிலருக்கு அடைப்பு அந்நேரம் உடைந்துபோகும். மேற்ஸ்தாயியில் வாய்திறந்து பாடும்போது மட்டும் ஒலி மெலிகிறது என்று கூறும் பாடகர்களின் பிரச்சினை இது.

மேல் தொனியிலும் ஒரு விஷயம் உண்டு. நாதஸ்வரமோ "ஸ", "ஷ" என்ற எழுத்துகளோ காதைக் குத்துவதுபோல் இருந்தால் உடனே கருவியைக் குறைகூற வேண்டாம். அடைபட்ட குழாய் தனக்குரிய ஓர் அதிர்வைச் சேர்க்கிறது. செருகிய ஆழம் சிறிது மாறினால் அதுவும் இடம் மாறும். ஒரு மில்லிமீற்றர் உள்ளே அல்லது வெளியே நகர்த்திப் பார்த்தபின்னரே மற்ற மாற்றங்களைச் செய்யலாம்.

பாடுபவரின் தனிப் பிரச்சினை

காதை விரலால் அடைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள். குரல் குகைக்குள் ஒலிப்பதுபோல் முழங்கும். எமது குரல் எலும்பு வழியாகச் செவிக்குழாயின் சுவரை அதிரச் செய்கிறது. வாசல் அடைபட்டதால் அந்த ஒலி வெளியேறாமல் உள்ளேயே தங்குகிறது. வாத்தியக்காரருக்கு இதனாற் பெரிய தொல்லை இல்லை. பாடகருக்கோ சுருதியைச் சரியாகக் கணிப்பதே சிரமமாகலாம். முனை குழாயின் இரண்டாம் வளைவு வரை ஆழமாகச் சென்றால் இந்த முழக்கம் குறையும். காதின் வார்ப்பெடுத்துச் செய்யும் மொனிற்றர் இதற்கு உதவும், ஆனால் விலை பல நூறு டொலரிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் செல்லும்.

வார்ப்பெடுப்பவர் செவிப்புலன் நிபுணராக இருக்க வேண்டும். அவர் முதலில் காதைச் சோதித்து, செவிப்பறையைக் காக்க நூல் கட்டிய சிறு தடையை உள்ளே வைத்து, அதன்மேல் சிலிக்கன் குழம்பைச் செலுத்துவார். பாடகர்கள் இவ்வேளையில் வாயைத் திறந்து, பற்களுக்கிடையே ஒரு கட்டையைக் கடித்தவாறு இருக்க வேண்டும். வாய் மூடி எடுத்த வார்ப்பு பாடும்போது பொருந்தாமற் போகலாம்.

எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம்?

தொழிலிடங்களில் 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணித்தியாலத்துக்கு மேல் கேட்கக்கூடாது என்பது நையோஷ் என்னும் அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88க்கு நான்கு மணித்தியாலம், 94க்கு ஒரு மணித்தியாலம், 100க்கு வெறும் 15 நிமிடம். தவிலுக்கு அருகில் 100 டெசிபலை எட்டுவது அரிதல்ல. அளவெட்டியிலும் இணுவிலிலும் விடிய விடிய நடந்த மேளச்சமாவை நினைத்துப் பாருங்கள். அந்தக் கலைஞர்களின் வித்தையை நாம் போற்றினோம். அவர்களின் காதைப் பற்றி எவரும் பேசவில்லை.

நன்றாகப் பொருந்திய மொனிற்றர் வெளிச் சத்தத்தை 20 முதல் 30 டெசிபல் வரை குறைக்கக்கூடும். ஆயினும் அது தானாகக் காதைக் காப்பாற்றாது. 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இசைக்கலைஞர்கள் தரை ஒலிபெருக்கியிற் கேட்ட ஏறக்குறைய அதே அளவையே காதுள் மொனிற்றரிலும் விரும்பித் தெரிந்தனர். ஆனால் இயன்ற அளவு குறைக்கும்படி கேட்டபோது, தரை ஒலிபெருக்கியிலும் பார்க்கச் சுமார் 6 டெசிபல் குறைவாகக் கேட்டு வாசிக்க அவர்களால் முடிந்தது. மேற்சொன்ன கணக்கின்படி 6 டெசிபல் குறைவு என்பது நான்கு மடங்கு நேரம். கருவி வாய்ப்பைத் தருகிறது. குறைக்கும் கை எம்முடையது.

இதனாற்றான் ஒரு காதில் மட்டும் அணியும் வழக்கத்தைக் கைவிடவேண்டும் என்கிறோம். இரண்டு காதாலும் கேட்கும்போது அதே ஒலி உரத்துத் தோன்றும். ஒன்றைக் கழற்றியவர் மற்றதில் ஒலியைக் கூட்டுகிறார். திறந்த காதோ மேடைச் சத்தம் முழுவதையும் வாங்குகிறது. சபையையும் பக்க வாத்தியத்தையும் கேட்க வேண்டுமாயின், மேடையில் ஒரு தனி ஒலிவாங்கி வைத்து அதனை மொனிற்றருக்குள் சிறிது கலந்து தரும்படி கேட்பதே முறை.

போர் கெடுத்த காதுகள்

எம்மிற் பலருக்கு இது இசையோடு முடியும் விஷயம் அல்ல. 1983 முதல் 2009 வரையான யுத்த காலத்தில் ஷெல்லும் விமானக் குண்டும் அருகில் வெடிக்க உயிர்தப்பி வந்தவர்கள் இன்று நடுவயதையும் முதுமையையும் அடைந்துள்ளனர். வெடி அதிர்ச்சியில் மிக எளிதாகக் காயப்படும் உறுப்புகளில் செவிப்பறை ஒன்று. உட்செவியின் நுண்மயிர்க் கலங்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இரவில் தனிமையில் ஓயாது கேட்கும் காதிரைச்சலை "அது பழகிவிட்டது" என்று சொல்லி நாட்களைக் கடத்துபவர்கள் எம் வீடுகளில் இருக்கிறார்கள். வெளியே தெரியாத காயம் என்பதால் அதைக் காயமாக எண்ணுவோர் குறைவு.

அத்தகையவர் பாடவோ வாசிக்கவோ வரும்போது, கேட்பது குறைவு என்பதால் ஒலியைக் கூட்டச் சொல்வார். கூட்டிய ஒலி எஞ்சிய கேள்வியையும் தின்னும். அவர் முதலில் செவிப்புலன் சோதனை செய்துகொள்ள வேண்டும். செவிப்பறையில் துவாரம் இருப்பின், காதிலிருந்து நீர் அல்லது சீழ் வடியின், வைத்தியரின் அனுமதியின்றி எந்த முனையையும் செருகக்கூடாது, வார்ப்பும் எடுக்கக்கூடாது. நிகழ்ச்சி முடிந்த பின் காது இரைவதும் அடைத்ததுபோல் இருப்பதும் அன்றைய ஒலி கூடிவிட்டது என்பதன் சாட்சி. அடுத்த முறை குறைத்தே ஆகவேண்டும்.

மறுப்புகள் சில

காதை அடைத்துக்கொண்டு மனோதர்ம சங்கீதம் பாடலாமா, பக்கத்திலிருப்பவரின் மூச்சையும் கேட்டல்லவா பாடவேண்டும் என்று சில கலைஞர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. ஐம்பது பேர் அமர்ந்த சிறு மண்டபத்தில் நல்ல கச்சேரிக்கு மொனிற்றர் தேவையில்லை. ஒலிவாங்கியே தேவையில்லாமலும் இருக்கலாம். டிரம்மும் கீபோர்ட்டும் சேர்ந்த மெல்லிசை மேடைக்கே இது உரியது. தவில், நாதஸ்வரக் கலைஞர்களுக்கு வேறொரு வழி உண்டு. எல்லாத் தொனிகளையும் சமமாகக் குறைக்கும் இசைக்கலைஞர் காதடைப்பான் 1988 முதல் கிடைக்கிறது. 9, 15, 25 டெசிபல் குறைக்கும் வடிகட்டிகளை மாற்றிப் பொருத்தலாம். சத்தம் குறையும், நாதம் மாறாது. அடைப்புப் பற்றி மேலே சொன்னவை இதற்கும் பொருந்தும்.

நிகழ்ச்சி அமைப்பாளர்களுக்குச் சில வேண்டுகோள்கள். முனைகளை ஒருவரிடமிருந்து ஒருவர் மாற்றிப் பாவிக்க விடாதீர்கள்; காதுத்தொற்று அவ்வழியே பரவும். கலைஞர் தமக்கென ஒரு சோடி முனை கொண்டுவரட்டும். ஒரு பக்கம் மெலிந்து கேட்டால் முதலில் குழாய்வாயில் மெழுகு அடைத்துள்ளதா என்று பார்த்துத் துடையுங்கள். திடீர்ச் சத்தத்தைத் தடுக்கும் லிமிற்றரை எப்போதும் போட்டுவையுங்கள். ஒலியைப் பூச்சியத்தில் வைத்த பின்னரே அணியச் சொல்லுங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய வயர்லெஸ் கருவி வாங்குபவர்கள் அலைவரிசையைப் பார்க்கவேண்டும். 617 முதல் 652 வரையும் 663 முதல் 698 வரையுமான மெகாஹேர்ட்ஸில் இயங்குபவற்றை 2020 ஜூலை 13க்குப் பின் அமெரிக்காவில் இயக்குவது சட்டவிரோதம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சத்தம் கூடினால்தான் நிகழ்ச்சி சிறக்கும் என்ற எண்ணத்தை விவாதத்துக்கு உட்படுத்த வேண்டும். எமது பிள்ளைகள் பத்து வயதிலேயே இந்த மேடைகளில் ஏறுகிறார்கள். அவர்களின் காதுகள் இன்னும் எந்த வெடியையும் கேட்டதில்லை. அந்தக் காதுகளை நாமே எமது கொண்டாட்டங்களிற் கெடுக்கவேண்டுமா? கலைஞர்களும் ஒலியமைப்பாளர்களும், குறிப்பாக இதற்கு மாறான அபிப்பிராயம் உடையவர்கள், தமது அனுபவத்தை எழுதுவார்களாயின் பயனுள்ளதாக இருக்கும்.